'அலைன்மென்ட்' என்பதற்கு 'இயைத்தல்': கற்றற்பேறும் தொழில்துறைத் தரநிலையும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பாடங்களின் 'லேர்னிங் அவுட்கம்'களை, அதாவது பாடத்தின் முடிவில் மாணவர் பெற வேண்டிய திறன்களை (இங்கே 'பேறு' என்பேன்), தொழில்துறையின் தரநிலைகளோடு 'அலைன்' செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஒத்திசைவு, சீரமைப்பு, பொருத்தம், இணக்கம் என நான்கு சொற்கள் நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. கட்டுமானப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில், சொல்லைத் தேர்வதற்கு முன் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட விரும்புகிறேன். அந்த ஓர் ஆங்கிலச் சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குறித்து வருகிறோம்.

முதலாவது, அட்டவணை நிரப்புவது. பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. அதில் இந்தியாவின் சார்பில் உள்ள தேசிய அங்கீகார வாரியத்தின் மதிப்பீட்டுக்காகப் பொறியியல் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்தின் பேற்றையும் பட்டப்படிப்பின் பேறுகளோடு ஒப்பிட்டு, தொடர்பின் வலிமைக்கேற்ப 1, 2, 3 என்று எண்ணிடுகின்றன. பாடம் நடத்தி, தேர்வும் முடிந்த பிறகு உட்கார்ந்துகூட இந்த எண்களை நிரப்பிவிடலாம் என்பதுதான் என் கவலை.

இரண்டாவது வேலை பாடத்திட்டத்தையே மாற்றக்கூடியது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை 13920, தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனைகளை 135 பாகைக்கு வளைத்து, தூணின் உட்பகுதிக்குள் செலுத்தச் சொல்கிறது. 90 பாகையில் வளைத்த முனை, கம்பிகளை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் பெயர்ந்தவுடன் திறந்துகொள்ளும். அதன்பின் நெடுங்கம்பிகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது. பாடத்திட்டத்தில் 'மாணவர் நில அதிர்வு வடிவமைப்பின் கோட்பாடுகளை விளக்குவர்' என்று மட்டும் இருந்தால், அந்த மாணவர் தேர்வில் முழு மதிப்பெண் பெறலாம். ஆனால் கட்டுமான இடத்தில் தவறாக வளைத்த ரிங்கைக் கண்டு நிறுத்தச் சொல்ல அவருக்குத் தெரியாமல் போகலாம். 'தரநிலைப்படி தூணின் கம்பி விவர வரைபடத்தை வரைவர், பிறர் வரைந்ததில் பிழை காண்பர்' என்று பேற்றை மாற்றி எழுதினால் வகுப்பும் பயிற்சியும் வினாத்தாளும் உடன் மாறியாக வேண்டும். நமக்குச் சொல் வேண்டியது இந்த வேலைக்கு என்பதே என் கருத்து. முதல் வேலையைப் 'பொருத்திக் காட்டல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்வைத்த சொற்களில் சீரமைப்பு, பழுதுபட்டதைச் சரிசெய்வதாகவே மக்களுக்குப் பொருள்படுகிறது. இணக்கம் என்பதில் விதிக்குக் கட்டுப்படும் தொனி மிகுதி. ஒத்திசைவு நல்ல சொல்தான். ஆனால் அதில் இரு தரப்பும் சமமாக நிற்கின்றன. இங்கே தரநிலை முன்பே நிற்கிறது. பாடம்தான் அதை நோக்கி வர வேண்டும். கொத்தனார் நூல் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: நூலைக் கட்டிய பிறகே கல் வைப்பார்கள், எழும்பிய சுவருக்குப் பின்னர் நூல் பிடித்துப் பயனில்லை. 'நூல் பிடித்தல்' என்பதையே கலைச்சொல்லாக்க எனக்கு ஆசைதான். கல்விச் சூழலில் நூல் என்றவுடன் புத்தகம் நினைவுக்கு வருவதால் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

நான் முன்மொழிவது 'இயைத்தல்'. 'இயைந்தது' என்றால் தானே பொருந்தியது, 'இயைத்தது' என்றால் ஒருவர் முயன்று பொருந்தச் செய்தது. செய்பவரின் பொறுப்பை இவ்வாறு வினையிலேயே காட்டும் வசதி ஒத்திசைவுக்கு இல்லை. கிடைக்கும் நிலையை 'இயைபு' எனலாம். யாப்பில் இயைபுத் தொடை என்பது அடிகளின் இறுதி ஒன்றி வருவது. பாடத்தின் முடிவில் மாணவர் பெறுவதும் தொழிலில் அவரிடம் எதிர்பார்க்கப்படுவதும் ஒன்றி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. வேதியியலில் இயைபு 'கம்போசிஷன்' என்பதைக் குறிக்கிறது என்ற மறுப்பு எழக்கூடும். அங்கே 'வேதி இயைபு', இங்கே 'தரநிலை இயைபு' என்று அடைமொழி கொடுத்தால் குழப்பம் வராது.

'அவுட்கம்' குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'கற்றல் விளைவு' என்கின்றன. இலங்கையின் ஆசிரியர் வழிகாட்டிகள் 'கற்றற்பேறு' என்கின்றன. விளைவு வேண்டாததாகவும் இருக்கலாம். பேறு ஒருவர் பெற்றுக்கொண்டது. ஆகவே இலங்கை வழக்கையே நாமும் ஏற்கலாம் என்பேன். 'அவுட்கம்' என்பதற்கு 'அடைவு' என்று எழுதுபவர்கள், இலங்கையில் அச்சொல் நகையை அடகு வைப்பதையும் குறிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது முதல், இத்தகைய வாக்கியங்களைப் பாடத்திட்டத்திலேயே எழுதும் தேவை நமக்கு இருக்கிறது. 'இப்பாடத்தின் நான்காம் கற்றற்பேறு இந்தியத் தரநிலை 13920-உடன் இயைக்கப்பட்டுள்ளது' என்றும், குறையைச் சுட்டும்போது 'பொருத்திக் காட்டியுள்ளனர், ஆனால் இயைக்கவில்லை' என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் தடையின்றி வருகின்றன. வேதியியல் துறை நண்பர்களின் கருத்தை அறியக் காத்திருக்கிறேன்.