சின்ன உரசலுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லணுமா?

சேது_கே:
சிக்னல்ல நின்னுட்டு இருந்தேன், பின்னாடி வந்த கார் மெதுவா இடிச்சிருச்சு. யாருக்கும் அடி இல்ல, பம்பர் ஓரம் உள்ள போயிருக்கு அவ்வளவுதான். அவரு தப்பு தன்மேலதான்னு ஒத்துக்கிட்டு, இன்சூரன்ஸ் வேணாம் செலவை நானே தர்றேன்னு சொல்றாரு. என் கம்பெனிக்கு சொல்லவா வேணாமா? வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

நீலவானம்:
சொல்லவே சொல்லாதீங்க ப்ரோ. இந்தியா பாலிசியை வச்சு சொல்றேன், ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாம ஓட்டினா ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல 20 சதவீதம் தள்ளுபடி, அதான் நோ கிளெய்ம் போனஸ், அப்படியே அஞ்சு வருஷம் போனா 50 சதவீதம் வரைக்கும் ஏறும், அதைக் காப்பாத்த தனியா ஆட்-ஆன் எடுக்கலன்னா ஒரே ஒரு கிளெய்ம்ல அடுத்த ரினியூவலுக்கு எல்லாம் பூஜ்யம். அதுக்கு மேல பம்பர் பிளாஸ்டிக்கு, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லன்னா பாதி விலை நம்ம தலையிலதான், டிடக்டிபிள்னு நாம போட வேண்டிய தொகையை வேற கழிப்பாங்க. இவ்வளவும் போக கைக்கு என்ன வரும்? அவரு தர்றதை வாங்கிட்டு வேலையைப் பாருங்க.

மதிவாணி:
நீலவானம், கிளெய்ம் பண்றதும் தகவல் சொல்றதும் ஒண்ணு இல்லைங்க. பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க, விபத்து நடந்தா உடனே தெரியப்படுத்தணும்னு கண்டிஷன்லயே இருக்கும். இன்னைக்கு நல்லவரா பேசுறவரு நாளைக்கு எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு "நீங்கதான் ரிவர்ஸ் எடுத்து இடிச்சீங்க"ன்னு மாத்திப் பேசினா என்ன பண்ணுவீங்க? அப்போ போய் கம்பெனிகிட்ட நின்னா, ஏன் லேட்டா சொன்னீங்கன்னுதான் முதல் கேள்வி வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இதுல மாட்டிக்கிட்டு ரொம்ப அலைஞ்சாங்க, அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

நீலவானம்:
சும்மா தகவல்னு நீங்க நினைக்கிறீங்க மேடம், அவங்க அப்படி நினைக்க மாட்டாங்க. பிரிட்டன்ல கிளெய்ம் ஆகாத சம்பவம் கூட கம்பெனிகளோட பொது டேட்டாபேஸ்ல ஏறும், அமெரிக்காவுல க்ளூ ரிப்போர்ட்ல 7 வருஷம் வரைக்கும் கிளெய்ம் ஹிஸ்டரி இருக்கும். அடுத்த வருஷம் பிரீமியம் எவ்வளவுன்னு கோட் கேட்கும்போதுதான் அதோட வலி தெரியும்.

மதிவாணி:
நான் பிரிட்டன்லதான் இருக்கேன். ஏறும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இங்க பாலிசி எடுக்கும்போது விபத்து எதுவும் நடந்துச்சான்னு கேட்பாங்க, மறைச்சு வாங்கிட்டு பெரிய விபத்து நேரத்துல அது வெளிய வந்தா பாலிசியே செல்லாதுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு, ரெண்டுல எது பெரிய வலி? அதுவும் இல்லாம தப்பு அவரோடது, அவரோட கம்பெனிதான் குடுக்கணும். முழுப் பணமும் அங்கிருந்து வசூல் ஆயிட்டா நம்ம போனஸ் அப்படியே இருக்கும்.

நீலவானம்:
அது உங்க ஊர்ல. இந்தியாவுல எதிர்ப்பார்ட்டி இன்சூரன்ஸ்ல வாங்கணும்னா மோட்டார் விபத்து ட்ரிபியூனலுக்குப் போகணும், ஒரு பம்பருக்காக யாரு கேஸ் போட்டு நடப்பாங்க? அதனாலதான் தப்பே பண்ணாதவனும் சொந்த பாலிசில கிளெய்ம் பண்ணி போனஸை இழக்கறான். இது அநியாயம், ஆனா நிலைமை இதுதான்.

பழைய_சர்வேயர்:
ரெண்டு பேரும் பம்பருக்கு வெளிய நின்னே பேசிட்டு இருக்கீங்க. தம்பி சேது, முதல்ல அதைக் கழட்டிப் பாருங்க. பிளாஸ்டிக் கவர் அடி வாங்கினா பாதி திரும்பி வந்துரும், பார்க்க ஒண்ணும் இல்லாத மாதிரியே இருக்கும். உள்ள அடியைத் தாங்குற ஃபோம், பீம், அதைப் பிடிச்சிருக்கிற பிராக்கெட், பார்க்கிங் சென்சார், சில வண்டில கண்ணாடியில தெரியாத பக்கத்து வண்டியைக் காட்டுற பிளைண்ட் ஸ்பாட் ரேடாரும் பம்பர் மூலைக்குப் பின்னாடிதான் இருக்கும், ரேடார் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கேலிப்ரேஷன் பண்ணி திரும்ப சரியா செட் பண்ணணும், அதுக்குத் தனி செலவு. எஸ்டிமேட் வர்ற வரைக்கும் அவருகிட்ட காசு வாங்காதீங்க, "இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு எதுலயும் கையெழுத்தும் போடாதீங்க. கழுத்து வலியெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுக் கூட வரும்.

கம்பெனிக்கு சொன்னா நடந்ததை மட்டும் சொல்லுங்க. வேகம் இவ்வளவு இருக்கும்னு உத்தேசமா எதுவும் சொல்லாதீங்க. கம்பெனி அனுப்புற சர்வேயர் சேதத்தைப் பார்த்து சர்வே முடிக்காம ரிப்பேர் ஆரம்பிச்சிராதீங்க, அதுலதான் நிறைய கிளெய்ம் அடிபடுது.

நீலவானம்:
சர்வேயரை அனுப்புறதே கம்பெனிதான் சார், கிளெய்ம் தொகையை வெட்டத்தான் பார்ப்பாரு.

பழைய_சர்வேயர்:
வெட்டினா எந்த பார்ட்டுக்கு எவ்வளவு, எந்த கண்டிஷன்படின்னு எழுத்துல கேளுங்க தம்பி. போன்ல கேட்டா ஒரு பதில் வரும், மெயில்ல கேட்டா வேற பதில் வரும். கழட்டின பழைய பார்ட்டோட போட்டோவும் வச்சுக்கோங்க.

சேது_கே:
நாளைக்கு வொர்க்‌ஷாப்ல பம்பரைக் கழட்டச் சொல்லியிருக்கேன், அவரையும் வரச் சொல்லிட்டேன். கம்பெனிக்கு கிளெய்ம் இல்ல, தகவல் மட்டும்னு மெயில் போடப்போறேன்.

நீலவானம்:
அந்த மெயிலை நான் போட மாட்டேன், இப்பவும் அதுதான் சொல்றேன். ஆனா அவரு ஒத்துக்கிட்டதை வாட்ஸப்ல அவரு கையாலயே டைப் பண்ணி வாங்கிருங்க ப்ரோ, நாளைக்கு எஸ்டிமேட்டைக் காட்டுறதுக்கு முன்னாடியே.