1997 மாருதி 800: தொப்பூர் ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சினுக்குப் போர் வேலை தேவைதானா?

பாலக்கோடு வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1997இல் வாங்கிய மாருதி 800 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கார்பரேட்டர் எஞ்சின், நான்கு கியர். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கோ மாரண்டஅள்ளிக்கோ போய்வருவதில் எந்தத் தொந்தரவும் இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறினால்தான், பாதி வழியிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஓரமாக நிறுத்தினால், கால் மணி நேரம் ஆறிய பிறகே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதைத் தவிர, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, நடுக்கமும் உண்டு.

ஒரு பட்டறையில் காட்டினேன். புகையைப் பார்த்த மாத்திரத்தில், எந்தக் கருவியையும் வைத்துப் பார்க்காமல், எஞ்சினை இறக்கிப் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி) அதற்கேற்ற புது பிஸ்டன் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதிக்கு மேல் வருகிறது. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனமில்லை. இந்த எஞ்சினை அறிந்தவர்கள் சரியான வழியைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்

தம்பி, எஞ்சினை இறக்க வேண்டாம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வண்டியில் கை வைத்தவன். நீங்கள் சொன்ன நான்கு குறைகளும் ஒரே நோய் அல்ல. நான்கையும் ஒன்றாகக் கட்டி ‘எஞ்சின் போய்விட்டது’ என்று சொல்வது பட்டறைக்கு வசதி, உங்களுக்கு நட்டம்.

முதலில் சூட்டைப் பாருங்கள். சமவெளியில் ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்து, எஞ்சினின் மேல் பாரம் கூடும்போதுதான், மின்விசிறியும் ரேடியேட்டரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றனவா என்பது தெரியவரும். வீட்டு வாசலில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றாவிட்டால், சூடேறியதும் ஃபேனைப் போட்டுவிடும் தெர்மோ சுவிட்சின் ஒயர்களைக் கழற்றி நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது சுற்றினால் பழுது சுவிட்சில், அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டாரிலோ ஃபியூஸிலோ இருக்கிறது. ஃபேன் பெல்ட் என்று நாம் சொல்லும் பெல்ட் இந்த வண்டியில் ஃபேனைச் சுற்றுவதில்லை. ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும்தான் சுற்றுகிறது. அது தளர்ந்தால் தண்ணீர் ஓட்டமும் தளரும்.

அடுத்தது நம் மாவட்டத்துக்கே உரிய வியாதி. ரேடியேட்டரில் இத்தனை நாளும் போர்வெல் தண்ணீர்தானே ஊற்றினீர்கள்? ஹோகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களை ஃப்ளோரைடு தண்ணீரிலிருந்து காப்பாற்றத்தான் வந்தது. பல்லையே கறையாக்கும் தண்ணீர் ரேடியேட்டரைச் சும்மா விடுமா? மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளைப் படிவமோ செம்மண் நிறச் சேறோ இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ஆட்கள் கிருஷ்ணகிரியில் இன்னமும் இருக்கிறார்கள். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அரித்துவிடும்.

ஒருமுறை நன்றாகக் கொதித்த எஞ்சின் என்றால் ஹெட் கேஸ்கட்டின் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மேல் ஒரு சந்தேகம் வைத்தே ஆக வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் பால் கலந்த டீ போலக் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள்; வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

தர்மபுரி பாலிடெக்னிக் ஆசிரியர்

ஐயா சொன்னவை அனுபவத்தில் விளைந்தவை. ஒரு திருத்தம் மட்டும் செய்கிறேன். பல்லைக் கறையாக்குவது ஃப்ளோரைடு; ரேடியேட்டரை அடைப்பது தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியம் பைகார்பனேட் கரைந்துள்ள தண்ணீரைச் சூடாக்கினால் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சூடான பரப்புகளில் படிகிறது. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதும் அதுவேதான். இப்படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சுத்தம் செய்த பிறகு மீண்டும் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் செய்த வேலை வீணாகும். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரிக்கு மேலும் தாங்குகிறது.

எஞ்சினின் அளவுகளைச் சொன்னால், பட்டறையின் யோசனையை நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்த நாளிலிருந்தே அதில் இருந்தது சுசுகியின் எஃப்8பி எஞ்சின்: மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வு, மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம் ஷாஃப்ட், அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட். போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் சிலிண்டருக்கு 265.3 சி.சி., மூன்றுக்கும் 796 சி.சி. கார்பரேட்டர் மாடலின் திறன் நிமிடத்துக்கு 5500 சுற்றில் ஏறத்தாழ 39 குதிரைத்திறன்; முறுக்குவிசை சுமார் 59 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500 முதல் 3000 சுற்றுக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே ஏற்றத்தில் எஞ்சினைத் திணறவிடாமல் அந்தச் சுற்றில் வைத்திருப்பது நல்லது. மூன்றாவது கியரில் முக்கி முனகவிடுவதைக் காட்டிலும் இரண்டாவது கியரே மேல்.

ஐடில் நடுக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மூன்று சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் 240 டிகிரிக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழ்கிறது. நான்கு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒருமுறை. ஓரளவு நடுக்கம் இதன் பிறவிக்குணம். வரவர அதிகமாகியிருந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ஸ்பார்க் ஒயர்களைக் கழற்றி மாட்டும்போது வெடிப்பு வரிசை 1-3-2 என்பதை மறந்துவிடாதீர்கள். என் மாணவர்கள் ஆண்டுதோறும் 1-2-3 என்று மாட்டிவிட்டு முழிப்பது வழக்கம்.

சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், வண்டி நின்றதும் அதிலும் கார்பரேட்டரிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடலாம். அல்லது இக்னிஷன் காயில் சூட்டில் வலுவிழந்திருக்கலாம். அடுத்த முறை நிற்கும்போது ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்தால், ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டு முயலுங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் ஆவிதான் காரணம். இன்று விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் செய்யப்படவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தவை என்றால் எப்படியும் மாற்ற வேண்டியவையே.

ஓசூர் மெஷின் ஷாப்

போர் வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அளக்காமல் போர் போடச் சொல்பவரை நம்பாதீர்கள். நீலப் புகை காலையில் மட்டும் வந்து நின்றுவிடுவது பெரும்பாலும் வால்வு சீல் கெட்டதன் அடையாளம். இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியாக வழிந்த ஆயில் காலையில் எரிகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை வரும்.

விரைவில் முடியும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். போர் போட்டால் பிக்கப் கூடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 0.50 மி.மீ. பெரிதாக்கினாலும் 796 என்பது 808 சி.சி. ஆகும், அவ்வளவுதான்.

பாலக்கோடு வாசி

மூவருக்கும் நன்றி. வேறொரு பட்டறையில் காட்டியதில் கம்ப்ரெஷன் மூன்றிலும் ஒன்றுபோல வந்தது. ஆயில் மூடியின் அடியிலும் பால் நிறம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றியபோது பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தன. வெளியே வந்த சேற்றைப் பார்த்து மெக்கானிக்கே சற்று நேரம் பேசாமல் நின்றார். தெர்மோ சுவிட்சும் வேலை செய்யவில்லை. எதிர்பாராத ஒன்று: எஞ்சின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எப்போதோ, யாரோ, சூடு குறையும் என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

சுவிட்ச், மூடி, தெர்மோஸ்டாட், பெட்ரோல் குழாய்கள் எல்லாம் புதிதாக மாட்டிக் கூலன்ட் ஊற்றியாயிற்று. நேற்று மாலை நான்கு பேருடன் தொப்பூர் ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை, மேலே டீக்கடையில் நிறுத்தியபோது உடனே ஸ்டார்ட் ஆயிற்று. காலை நீலப் புகை அப்படியே இருக்கிறது. மாங்காய் அறுவடை முடிந்ததும் வால்வு சீல் மாற்றலாம் என்றிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்

சீல் மாற்றக் கவரைத் திறக்கும் அன்றே வால்வு கிளியரன்ஸையும் (வால்வுத் தண்டின் முனையில் விட வேண்டிய இடைவெளி) சரிபார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேட்டீர்களா? அவருக்கும் நினைவில்லை என்றால் அறுவடை வரை காத்திருக்க வேண்டாம், பெல்ட்டை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.