ஜெய்ப்பூர் முதல் ஜெய்சல்மர் வரை ஏழு நாள்: இந்த பிளானில் எதை வெட்டுவது?

கீழக்கரைவாசி:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு லீவில் ராஜஸ்தான் போவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. உம்மாவுக்கு அஜ்மீர் தர்கா, வாப்பாவுக்குக் கோட்டைகள், பிள்ளைகள் இருவருக்கும் ஒட்டகம். எனக்கும் வீட்டுக்காரிக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மொத்தம் ஆறு பேர். உம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏறினால் நின்று நின்றுதான் வருவார்கள்.

ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பிளான் இது: விமானத்தில் ஜெய்ப்பூர், அங்கிருந்து வேனில் அஜ்மீர், உதய்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மர், மணல்மேட்டு டென்ட்டில் ஓர் இரவு, பிகானேர் வழியாக மறுபடி ஜெய்ப்பூர். எல்லாம் ஏழே நாளில். தாளில் அழகாக இருக்கிறது, மேப்பில் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. எதை எடுத்துவிடலாம்? விமானமா ரயிலா என்பதிலும் குழப்பம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் கேம்ப்:

மணலைப் பார்க்க இவ்வளவு தூரமா பாய்? தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு வண்டியை விடுங்கள், மணலுக்கு மணல், ரெண்டு பக்கமும் கடல் வேறு. ஒட்டகம் மட்டும்தான் குறை.

ஜோத்பூரில் ஒரு பரமக்குடிக்காரன்:

மண்டபத்துக்காரர் சொல்வதை விடுங்கள், அவர் குற்றாலத்துக்கே போக மாட்டார்.

தம்பி, நான் இங்கே வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதே மாதிரி ஒரு தாளோடுதான் வருகிறார்கள். முதலில் தூரத்தைக் கூட்டிப் பார். ஜெய்ப்பூர் அஜ்மீர் 135 கிலோமீட்டர், அஜ்மீர் உதய்பூர் 270, அங்கிருந்து ஜோத்பூர் 250, ஜோத்பூர் ஜெய்சல்மர் 285, அப்புறம் பிகானேர் 330, பிகானேரிலிருந்து ஜெய்ப்பூர் இன்னொரு 330. ஆயிரத்து அறுநூறு வந்துவிட்டது. ராமநாதபுரத்துக்கும் சென்னைக்கும் மூன்று தடவை ஓடுகிற தூரம். மூட்டுவலியோடு ஒரு அம்மாவை வேனில் உட்கார வைத்துவிட்டு, நடுவில் கோட்டையும் ஏறச் சொல்கிறார்கள்.

உதய்பூரையும் பிகானேரையும் எடுத்துவிடு. உதய்பூர் நல்ல ஊர்தான், ஆனால் அது ஏரியும் மலையுமான ஊர், உன் வழியை விட்டுத் தெற்கே இழுக்கும். இன்னொரு முறை சித்தோர்கர் கோட்டையோடு சேர்த்துப் போகலாம். மிச்சமுள்ள நாலு ஊரும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே போக்கில் இருக்கின்றன, திரும்பி வர வேண்டியதில்லை. ஜெய்ப்பூரில் இரண்டு இரவு, அஜ்மீரில் ஒன்று, ஜோத்பூரில் ஒன்று, ஜெய்சல்மர் ஊருக்குள் ஒன்று, மணலில் ஒன்று. ஏழாம் நாள் ஜெய்சல்மரிலேயே விமானம் ஏறலாம். குளிர்காலத்தில் அங்கிருந்து டெல்லி, மும்பைக்கு விமானம் ஓடும். கட்டணம் ஒத்துவரவில்லையென்றால் ஜோத்பூருக்குத் திரும்பி ஏறு.

உம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் லிஃப்ட் இருக்கிறது, தனிக் கட்டணம். ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு மேலே வரை ஜீப் போகும். கொஞ்சம் சிரமம் ஜெய்சல்மர் கோட்டையில்தான். உள்ளே சந்துகள், கல் பாவிய ஏற்றம். ஆனால் 1156ல் கட்டிய அந்தக் கோட்டைக்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கடை இருக்கிறது, துணி காய்கிறது. ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் ஊரே முன்னால் நடமாடும். தங்குவதை மட்டும் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள். உள்ளே விடுதிகள் பெருகி, கழிவுநீர் இறங்கி, அடியிலுள்ள களிமண் இளகிக் கோட்டையே தளர்கிறது.

ஏர்வாடி ராத்தா:

தம்பி, டிக்கெட் எடுக்குமுன் பிறைக் கணக்கைப் பாருங்கள். அஜ்மீர் உர்ஸ், அதாவது தர்காவின் வருடாந்திர விழா, ரஜப் மாதப் பிறை ஒன்றிலிருந்து ஆறு வரை. இந்த வருடங்களில் ரஜப் டிசம்பரில்தான் வருகிறது. உங்கள் தேதி அதில் விழுந்தால் தர்காவைச் சுற்றி அறை கிடைக்காது, நிற்கக்கூட இடமிருக்காது. நம் ஏர்வாடி சந்தனக்கூடு கூட்டத்தைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதைவிடப் பெரிது. உம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த நேரம் வேண்டாம். சாதாரண நாளில் அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு போனால் நிதானமாக ஜியாரத் செய்யலாம். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

சாப்பாடு தர்கா பக்கம் பிரச்சினை இல்லை, கறி கிடைக்கும். மேற்கே போகப் போக சைவக் கடைகள்தான் அதிகம், மீனை மறந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு நம் ஊர்த் தொதல் இனிப்பைக் கட்டிக்கொண்டு போங்கள், கெடாது.

ரயில் பைத்தியம், ராம்நாடு:

ரயில் விவரம் நான் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து அஜ்மீர் வழியாகப் பெரோஸ்பூர் போகும் ஹம்சஃபர் இருக்கிறது, மதுரையிலிருந்து பிகானேர் போகும் அனுவ்ரத் இருக்கிறது. இரண்டுமே வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு இரவு வண்டியிலேயே போய்விடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், லீவு சீசனில் அன்று காலையே உட்கார வேண்டும். என் யோசனை: ஹம்சஃபரில் ஏறி நேரே அஜ்மீரில் இறங்குங்கள், ஜெய்ப்பூரை வெட்டுங்கள்.

பரமக்குடிக்காரன்:

ஜெய்ப்பூரை வெட்டுவதா? வாப்பா கேட்டதே கோட்டை. 1727ல் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுக் கட்டிய நகரம், ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடத்தில் பல மாடி உயரத்துக்குக் கல்லால் ஒரு சூரியக் கடிகாரம், பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? ஏழு நாளில் இரண்டு நாள் ரயிலுக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன? மதுரையில் விமானம் ஏறி, இடையில் ஒரு மாற்றம் மாறிப் போவதே மேல். இன்னொன்று, ஆமேர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. சிட்டி பேலஸ் அதில் வராது, தனி.

வாப்பா பழைய வியாபாரக் குடும்பம் என்றால் ஜெய்சல்மரில் பட்வா ஹவேலியை விட்டுவிடாதே. ஒட்டகத்தில் சரக்கேற்றி வணிகம் செய்து சம்பாதித்தவர்கள் கல்லிலே மரவேலை மாதிரி இழைத்த ஐந்து வீடுகள். பம்பாய் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வழி படுத்துவிட்டது. உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும், கடல் வணிகம் செய்த மரைக்காயர்களின் வீடுகளைப் பார்த்தவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

கீழக்கரைவாசி:

ஜஸாக்கல்லாஹ் ராத்தா, உர்ஸ் விஷயம் ஏஜென்ட் சொல்லவே இல்லை. பிளானை அண்ணன் சொன்னபடி நாலு ஊராகக் குறைத்துவிட்டேன், விமானம்தான். மணல்மேட்டு டென்ட் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்களேன். உம்மா ஒட்டகத்தில் ஏறலாமா?

தொண்டி டீச்சர்:

ஏற வேண்டாம் தம்பி. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும், மேலே இருப்பவர் தலைகுப்புற விழப் போகிற மாதிரி முன்னால் சாய்வார். பிள்ளைகளிடம் அந்த நேரம் பின்பக்கமாகச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். உம்மாவுக்கு ஒட்டக வண்டி கிடைக்கும், மெத்தை போட்டிருப்பார்கள்.

எல்லோரும் போவது சாம் மணல்மேடு, ஜெய்சல்மரிலிருந்து 40 கிலோமீட்டர் மேற்கே. மாலை நாலரைக்குள் அங்கே இருங்கள், ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். இரவு ஆட்டம் பாட்டு, ஸ்பீக்கர் சத்தம், வரிசையாக டென்ட். அமைதி வேண்டுமென்றால் குரி என்ற ஊர், தெற்கே கொஞ்சம் தள்ளி. பிள்ளைகளுக்கு சாம்தான் பிடிக்கும், பெரியவர்களுக்கு குரி.

குளிரைத்தான் நம் ஆட்கள் நம்புவதே இல்லை. நமக்கு டிசம்பர் என்றால் மழையும் ஈரக்காற்றும். அந்த ஈரம்தான் ராத்திரியில் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அங்கே காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை, பகலில் வாங்கிய சூட்டை மணல் பொழுது சாய்ந்ததும் விட்டுவிடும். பகலில் அரைக்கைச் சட்டை போதும், விடிகாலையில் எட்டு டிகிரி, அதற்குக் கீழேயும் போகும். விடிவதும் ஏழே காலுக்கு மேல். உம்மாவுக்குக் காலுறையும் காது மூடுகிற தொப்பியும் கட்டாயம், குளிரில் மூட்டு பிடித்துக்கொள்ளும். ராமநாதபுரத்தில் ஸ்வெட்டர் தேடி அலையாதீர்கள், ஜெய்ப்பூரில் இறங்கிய அன்றே வாங்கிக்கொள்ளலாம்.

மண்டபம் கேம்ப்:

எட்டு டிகிரியா! நான் சொன்னேனே, அரிச்சல்முனை.

பரமக்குடிக்காரன்:

டென்ட்டுக்கு முழுப் பணமும் முன்னாலேயே அனுப்பாதே தம்பி. சுடுதண்ணீர், ஆளுக்கு ரெண்டு ரஜாய் (பஞ்சுப் போர்வை), சேர்ந்தாற்போல் கழிப்பறை, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் மட்டும் போடு. எல்லோருடைய ஆதாரையும் கையில் வை, எல்லைப் பக்கம் என்பதால் வழியில் கேட்பார்கள். ஜோத்பூர் வரும் அன்று சொல், வீட்டில் சாம்பாரும் சோறும் இருக்கும்.