கூடல் நகர் சொந்தங்கள்: டோர்ட்டியா மாவு

[மாலை 5:02] கயல்: அத்தை, ராத்திரிக்கு டோர்ட்டியா போடணும், அதான் உள்ள கறி வச்சு மடிச்சுத் திங்கிற மெக்சிகோ ரொட்டி, எட்டுப் பேரு. மைதா அரைக்கிலோ இருக்கு, காணுமா? சப்பாத்திக்குப் பிசையிற மாதிரியே பிசையலாமா?

[5:04] மீனா அத்தை: காணும். ஆளுக்கு ரெண்டுன்னா 16 வரும். ஆனா சப்பாத்தி மாதிரி எடுத்த எடுப்புல தண்ணிய ஊத்திறாத. டால்டாதான் மொதல்ல.

[5:07] மீனா அத்தை: எழுதிக்க. மைதா 500 கிராம். டால்டா 100 கிராம். உப்பு 10 கிராம், அதாவது ரெண்டு டீஸ்பூனுக்குச் சித்த கொறச்சு. பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். சுடுதண்ணி 280லருந்து 300 மில்லி, கை பொறுக்குற சூடு.
மாவு, உப்பு, பவுடர் மூணையும் கலந்துட்டு டால்டாவ விரல் நுனியால தேச்சு விடு. கட்டி எதுவும் இருக்கக் கூடாது. கைல அள்ளி இறுக்கிப் பிடிச்சா பிடிபடணும், விட்டா உதிரணும். அது வந்தப்புறந்தான் தண்ணி.

[5:08] பெரியம்மா: சோடா உப்பு வீட்ல கெடக்கே, அதப் போட்டா ஆகாதா

[5:08] மீனா அத்தை: ஆகாதுக்கா. அதுக்குப் புளிப்பு வேணும். இதுல தயிர் மோர் எதுவும் இல்ல, வாய்ல சவக்காரம் அடிக்கும். பேக்கிங் பவுடர் இல்லையின்னா ஒண்ணுமே போடாம விட்ரலாம்.

[5:11] சரவணன் மாமா: டால்டா ஏன் முன்னாடின்னு சொல்லிர்றேன், தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். பரோட்டாவுக்கு மாவு இழுபடணும், வீசுனா கிழியக் கூடாது. அதுக்குத்தான் தண்ணி விட்டு அடிச்சுப் பிசைஞ்சு, எண்ணெயத் தடவி மணிக்கணக்கா ஊறப் போடுறது. இது நேர் எதிர். கொழுப்பு மாவு மேல படிஞ்சிருச்சுன்னா தண்ணி முழுசா உள்ள போகாது, மாவ இழுபட வைக்கிற பசை (குளூட்டன்) கம்மியாத்தான் கட்டும். அதனாலதான் கடிச்சா மெத்துனு பிட்டுக்கிட்டு வருது. தண்ணிய முந்தி ஊத்திட்டு டால்டாவ அப்புறம் சேத்தா, அது டால்டா போட்ட சப்பாத்தி.

[5:12] விஜி அக்கா: இங்க டெக்சாஸ்ல பேக்கிங் பவுடர் போட்டுக் கொஞ்சம் தடிமனாப் போடுவாங்க. மெக்சிகோவுல வடக்க சோனோரா பக்கம் பவுடரே கெடையாது. கோதுமை வெளையிற ஊரு, மாவு கொழுப்பு உப்பு தண்ணி அவ்ளோதான். கண்ணாடி கணக்கா மெலிசா, முழங்கை நீளத்துக்குக் கூட போடுவாங்க. அங்க கொழுப்புன்னா பன்னிக் கொழுப்பு.

[5:13] பெரியம்மா: ஏத்தா கயலு நீ டால்டாவே போடுத்தா 🙏

[5:14] கயல்: 😂 நெய், எண்ணெய் போடலாமா? டால்டா வேற இந்த வெயிலுக்குத் தொளதொளன்னு இருக்கு

[5:16] மீனா அத்தை: தொளதொளன்னு இருந்தாப் பரவால்ல, ஓடுற அளவுக்கு உருகியிருந்தா பத்து நிமிசம் பிரிட்ஜ்ல வச்சு எடு. நெய் போடலாம், வாசம் தூக்கலா இருக்கும். எண்ணெய்னா 80 மில்லி போதும், கடலெண்ணெய் வேணாம். வெண்ணெய்ல தண்ணி உண்டு, அதுக்குத் தக்கன சுடுதண்ணியக் கொறச்சுக்க. தண்ணிய எப்பவுமே 260 ஊத்திப் பாத்துட்டு மிச்சத்தக் கொஞ்சூண்டு கொஞ்சூண்டா விடு. மைதாவுக்கு மைதா மாறும்.

[5:31] கயல்: பிசைஞ்சாச்சு. லேசா கைல ஒட்டுது. மாவு தூவவா?

[5:31] மீனா அத்தை: தூவாத!! மூணு நாலு நிமிசம் பிசை, தானா விட்ரும். 55 கிராம் உருண்டையாப் பிடிச்சு, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வச்சிரு.

[6:09] கயல்: தேய்க்கத் தேய்க்க உள்ள இழுக்குதே. 5 இன்ச்சுக்கு மேல போகல

[6:10] சரவணன் மாமா: பசை இன்னும் தளரல. அமுக்கிச் சண்டை போடாத. அதை அப்பிடியே ஓரமா வச்சிட்டு அடுத்த உருண்டைய எடு. நாலஞ்ச ஒரு சுத்து தேச்சிட்டு மொதலுக்கு வா, 8 இன்ச் வரைக்கும் போகும். நடுவுலருந்து வெளிய தேய்க்கணும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் மாவக் கால் வட்டம் திருப்பணும். பூரிக்கட்டைய விளிம்பத் தாண்டி உருட்டுனா ஓரம் மட்டும் அப்பளமாயிரும்.

[6:13] மீனா அத்தை: தோசைக்கல்லுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, துணியால நல்லாத் துடைச்சிரு. காய்ஞ்ச கல்லு, தண்ணி தெளிச்சா துள்ளி ஓடணும். மொதப் பக்கம் 30 செகண்ட். கொப்புளம் வந்ததும் திருப்பு, இன்னொரு 30, 40. பழுப்புப் புள்ளி விழுந்தாப் போதும். தீயக் கொறச்சு வச்சு ரொம்ப நேரம் போட்டா ஈரம் பூராப் போயி மடிக்கும்போது ஒடியும். நெறையப் பேருக்கு வெறச்சுப் போறது இதாலதான், மாவால இல்ல.
தொட்டுத் தேய்ச்ச மாவு கல்லுலயே கருகி அடுத்ததுல ஒட்டும், கசக்கும். ரெண்டு மூணு போட்டதும் ஒரு தடவ துடை.

[6:14] விஜி அக்கா: எடுத்த ஒடனே துணிக்குள்ள அடுக்கி மூடிரு கயல். கல்லுலருந்து வரும்போது வெறப்பாத்தான் இருக்கும், அதோட ஆவியிலயே பத்து நிமிசத்துல இளகும். ஹாட்பாக்ஸ்னா அடியிலயும் மேலயும் துணி போடு, இல்லாட்டி மூடில வேர்த்துச் சொட்டி அடி நொசநொசத்துப் போகும்.

[6:20] கயல்: சூப்பரா மடியுது அக்கா 😍 அடுத்த தடவ மக்காச்சோள மாவுல போடலாமா?

[6:22] விஜி அக்கா: நம்ம கடை மாவுல வராது. அங்க சோளத்தச் சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சு, ராத்திரி ஊறப்போட்டு, தோலக் கழுவிட்டு அரைப்பாங்க. அப்பதான் மாவு ஒண்ணோட ஒண்ணு பிடிக்கும். சும்மா அரைச்ச மாவு விண்டு விண்டு போகும்.

[6:23] சரவணன் மாமா: உள்ள வைக்க என்ன? சுக்கான்னா தண்ணி சுண்ட வத்த விடு. சால்னாவ மேல ஊத்திறாத, ஊறிப் பிஞ்சிரும்.

[6:25] கயல்: சுக்காதான் மாமா. மிச்சம் ஆனா?

[6:27] மீனா அத்தை: ஆறுனப்புறம் கவர்ல கட்டி பிரிட்ஜ்ல வை, மூணு நாள் இருக்கும். எடுக்கும்போது வெறச்சிருக்கும், காஞ்ச கல்லுல பக்கத்துக்கு 15 செகண்ட் போட்டா இளகிரும். சூட்டோட கட்டிறாத, உள்ள வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.