கலைச்சொல் வேண்டும்: பொலிட்டிகல் அப்பாயிண்டீ

இரா.க. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பற்றிய பாடநூலைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதிகாரவர்க்கம் பற்றிய இயலில் "பொலிட்டிகல் அப்பாயிண்டீ" மட்டும் நகரமாட்டேன் என்கிறது. வரைவில் "அரசியல் நியமனம்" என்று போட்டிருக்கிறார்கள். அது செயலின் பெயர், ஆளின் பெயர் அல்ல. மேலும் நம் நாளிதழ்களில் அச்சொல்லுக்குத் தகுதியற்றவருக்குக் கிடைத்த சலுகை என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அமெரிக்காவிலோ அது சட்டம் ஏற்ற பணிவகை. புதிய அதிபர் ஏறத்தாழ 4,000 இடங்களில் தம் ஆட்களை அமர்த்தலாம். 1,200க்கு மேற்பட்டவற்றுக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். மற்ற இருபது லட்சத்துக்கும் மேலான ஊழியர்கள் ஆட்சி மாறினாலும் தொடர்வார்கள். இவ்விரு தரப்பாருக்கும் இடையிலான இழுபறியே இயலின் உயிர். அமைப்புப் படத்தின் கட்டத்துக்குள் அடங்கும் சொல்லாக இருந்தால் நல்லது.

நா.செ.:

"அரசியல் நியமனர்" போதும். நியமனம் எல்லாருக்கும் தெரிந்த சொல். மற்றவர்களை "நிலைப்பணியாளர்" எனலாம்.

ம.வ.:

நியமனர் என்றால் நியமிப்பவரா, நியமிக்கப்பட்டவரா? இந்த இயலில் இருவரும் வரிக்கு வரி வருகிறார்கள். தமிழில் இந்த வேறுபாடு வினையிலேயே இருக்கிறதே. அமர்த்துவது பிறவினை, அமர்வது தன்வினை. அமர்த்துநர் அதிபர், அமர்வர் இவர். "அரசியல் அமர்வர்" என்பதே என் பரிந்துரை.

வேரையும் பாருங்கள். தொல்காப்பிய உரியியல் "அமர்தல் மேவல்" என்கிறது. மேவல் என்றால் விரும்புதல். "அகனமர்ந்து செய்யாள் உறையும்" என்ற குறளில் திருமகள் மனம் விரும்பி உறைகிறாள். இவர்களில் பெரும்பாலோர் பதவியில் நீடிப்பது அதிபரின் விருப்பம் உள்ளவரைதான். இருக்கையும் விருப்பமும் ஒரே வேரில் கிடைக்கும்போது வடசொல் எதற்கு?

நா.செ.:

வேர் அழகுதான். ஆனால் இன்றைய மாணவருக்கு அமர்தல் என்றால் உட்காருதல் மட்டுமே. "அமர்வர் பதவி விலகினர்" என்று படித்தால் முதற்சொல்லை வினைமுற்றாகத்தான் எடுத்துக்கொள்வார். வினையாலணையும் பெயர் என்று நாம் அடிக்குறிப்புப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

தி.அ.:

"அரசியல்" என்ற அடைதானே தொல்லை? "கட்சிப் பணியாளர்" எனலாமே.

சு.ப.:

கூடாது. 2006இல் புஷ் அமர்த்திய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸை, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒபாமா 2011 வரை வைத்திருந்தார். "ஆட்சிக்காலப் பணியாளர்" என்று யாரும் சொல்லுமுன் அதையும் மறுத்துவிடுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநருக்கு முழுப் பதவிக்காலம் 14 ஆண்டு. அமர்த்திய அதிபர் போனபின்னும் அவர் இருப்பார்.

சொல் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இதில் நான்கு வகை உண்டு. செனட் ஒப்புதலோடு அதிபர் அமர்த்துபவர்கள். ஒப்புதல் தேவையின்றி அதிபரே அமர்த்துபவர்கள். மூத்த நிர்வாகப் பணியில் வெளியிலிருந்து வருபவர்கள். அரசு முழுவதையும் சேர்த்து இவர்கள் அப்பணியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கடைசியாக 'ஷெட்யூல் சி', அதாவது 1953இல் ஐசனோவர் காலத்தில் வந்த அந்தரங்க உதவியாளர் வகை.

முதல் வகைக்குப் பாதை நீளம். வெள்ளை மாளிகை ஆளைத் தேர்கிறது, எஃப்பிஐ பின்னணியை விசாரிக்கிறது, சொத்துக் கணக்கை அரசு நன்னெறி அலுவலகம் பார்க்கிறது. பிறகு செனட் குழுவின் விசாரணை, அங்கே வாக்கெடுப்பு, கடைசியில் அவை வாக்கெடுப்பு. ஒருமித்த இசைவுக்கு ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் விவாதத்தை முடிக்கத் தனி வாக்கெடுப்பு தேவைப்படும்; 2025இல் நடைமுறை மாறும்வரை கீழ்நிலைப் பதவிகள் மாதக்கணக்கில் தேங்கியது இதனால்தான். இடையில் பொறுப்பு பல வேளைகளில் நிலைப்பணியாளர் ஒருவர் கைக்கு வரும். அதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 210 நாள் வரம்பு வைத்திருக்கிறது.

ஆக, அரசியல் இருக்கையில் நிலைப்பணியாளர் உட்காருகிறார். மூத்த நிர்வாகப் பணியிலோ பல இடங்களுக்கு இரு வகையாரும் வரலாம். எனவே பணியிடத்துக்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு சொல் என இரண்டு வேண்டும். படத்தில் இருப்பது பணியிடம்; வாக்கியங்களில் வருவது ஆள்.

ம.வ.:

அப்படியானால் நிலைப்பணியாளருக்கும் நல்ல சொல் வேண்டும். பழந்தமிழ் அரசர்க்குத் துணைநின்ற எட்டுக் குழுவினரான எண்பேராயத்தில் முதலில் வருபவர் கரணத்தியலவர், அதாவது கணக்கர். "கரணத்தார்" என்று மீட்கலாம். கரணம் வடசொல் என்பார்கள். கணக்கு, கருவி, ஆவணம் என்று அது தமிழில் எடுத்த பொருள்களை…

இரா.க.:

ஐயா, கரணத்தைத் தனி இழையில் தொடர்வோம். நாளை மறுநாள் வெள்ளி.

தி.அ.:

"அரசியல்" என்ற அடையை நீக்கச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அந்தக் கெட்ட வாடை மாணவரைத் தவறாக வழிநடத்தும்.

சு.ப.:

அந்த வாடை அமெரிக்க வரலாற்றிலும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஜாக்சன் காலத்திலிருந்து வென்ற கட்சிக்கே வேலைகள் என்ற நடைமுறை வேரூன்றியது. 1881இல் வேலை கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். அவர் செப்டம்பரில் இறந்தார். அந்த அதிர்ச்சியில் 1883இல் வந்த பெண்டில்டன் சட்டமும் தொடக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குப் பணியிடங்களுக்கே தேர்வுமுறையைக் கொண்டுவந்தது. சட்டம் அரசியலுக்கு எல்லை கட்டியது, அதை ஒழிக்கவில்லை. சொல்லில் "அரசியல்" இருந்தால்தான் இது புரியும்.

இரா.க.:

சொல்லில் நா.செ. பக்கமும், இடம் வேறு ஆள் வேறு என்பதில் சு.ப. பக்கமும் சாய்கிறேன். ஆளுக்கு "அரசியல் நியமனர்", இடத்துக்கு "அரசியல் பணியிடம்", மற்றவருக்கு "நிலைப்பணியாளர்". முதல் வருகையில் நான்கு வகைகளும் அடிக்குறிப்பாக வரும். அதிபரை எங்கும் "நியமிப்பவர்" என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். குழப்பம் பாதி தீரும்.

ம.வ.:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அமர்வர்தான் இலக்கணம்.

சு.ப.:

ஒன்று பாக்கி. 2020 அக்டோபரில் வந்து, பைடன் நீக்கி, 2025 ஜனவரியில் புதுப் பெயரோடு திரும்பிய 'ஷெட்யூல் எஃப்' ஆணை. அதன்கீழ் சுமார் 50,000 பணியிடங்கள் வரும் என்பது அரசின் பணியாளர் அலுவலகத்தின் மதிப்பீடு. தகுதி அடிப்படையில் தேர்வாகி, கொள்கை வகுப்பில் பங்கு கொள்பவர்கள் அவர்கள். பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பை மட்டும் இழப்பார்கள். அவர்களை "நிலைப்பணியாளர்" என்று எப்படி எழுதுவது?

நா.செ.:

"தொழில்முறைப் பணியாளர்" என்றால் அவர்களையும் சேர்க்கலாம். ஆனால் எழுத்து கூடுகிறது, கட்டத்தில் அடங்காது.

இரா.க.:

அந்தப் பத்திக்கு மட்டும் "தொழில்முறைப் பணியாளர்" போடுகிறேன். மற்ற இடங்களில் "நிலைப்பணியாளர்" இருக்கட்டும். படிவம் இன்றிரவு போகிறது.