குலசேகரத்து வாழைக்கூம்பில் வந்தது எந்தத் தேன்சிட்டு?

ரப்பர்தோட்டம்:
ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மட்டி வாழையின் கூம்பில் ஒரு பெண் தேன்சிட்டு வந்து தொங்கியது. ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. பக்கவாட்டில், இறக்கை மூடியபடி. மேலே மங்கிய பச்சை, அடியில் மஞ்சள். சின்னத் தேன்சிட்டு என்று பதிந்துவிட்டேன். ஆணுக்கு முதுகு செக்கச்செவேல் என்றிருக்குமே, மேற்குத் தொடர்ச்சி மலையைவிட்டு வேறெங்கும் இல்லாத அந்த இனம்தான்.

தேரூர்க்குளம்:
தம்பி, இதை ஏற்க முடியாது. இது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண். நாகர்கோவிலில் செம்பருத்தி நிற்கிற வீட்டிலெல்லாம் வருகிற பறவை. தொண்டை வெளுத்து, அதற்குக் கீழே மார்பில் மஞ்சள் தொடங்குகிறது பாருங்கள். சின்னத் தேன்சிட்டின் பெண்ணுக்கு அப்படி வெள்ளைத் தொண்டை கிடையாது. மங்கிய மஞ்சள்தான் அடிப்பக்கம் முழுவதும் ஓடும்.

ரப்பர்தோட்டம்:
வெயில் நேராக விழுந்த படம், அண்ணா. கூம்பின் மடல்கூட வெளிறித் தெரிகிறது, தொண்டை வெளுக்காதா? ஆளும் மிகச் சிறியது. ஊதாப்பிட்டு 10 செ.மீ., இது 8 செ.மீ.தான் இருக்கும். மலையில் பூ குறைந்தால் இவை கீழே தோட்டங்களுக்கு இறங்கி வருபவை. மலையடிவாரத்துப் பேச்சிப்பாறை எங்களுக்குப் பக்கம்தானே.

தேரூர்க்குளம்:
2 செ.மீ. வித்தியாசத்தைக் கண்ணால் அளந்தீர்களா? பேச்சிப்பாறை பக்கம் என்பதால் ஊதாப்பிட்டு உங்கள் வீட்டுக்கு வராமல் போய்விடுமா? எனக்கு இதில் கோபமே வருகிறது. ரப்பர் நட்டாலும் காட்டுப் பறவை அங்கேயே வாழ்கிறது என்று நாளை ஒருவர் வாதிடுவார். அதற்கு உங்கள் பதிவைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ரப்பர்தோட்டம்:
மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள், அண்ணா. சந்தேகம் வந்ததையெல்லாம் ஊதாப்பிட்டு என்று எழுதிக்கொண்டே போனால், மலைப் பறவை கீழே வருகிறது என்பதே யாருக்கும் தெரியாது.

கிராம்புமரம்:
மாறாமலையில் இரண்டையும் பார்த்துப் பழகியவள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் இருவருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. பெண் பறவைக்குப் பிட்டம்தான் சாட்சி, வாலுக்கு மேலே முதுகு முடிகிற இடம். சின்னத் தேன்சிட்டில் பெண்ணுக்கும் அங்கே நல்ல செந்நிறம் உண்டு. ஊதாப்பிட்டில் பெயரில் இருக்கிற ஊதா ஆணுக்கு மட்டும்தான்; பெண்ணின் பிட்டத்தில் அது கிடையாது. பெயரை நம்பி ஊதாவைத் தேடி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் படத்திலோ மூடிய இறக்கை அந்த இடத்தையே மறைத்துவிட்டது. வெளிறிய படத்தில் தொண்டையை வைத்து முடிவு சொல்ல நானும் துணியமாட்டேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பிட்டம் தெரியாது, தம்பி. மாடிக்குப் போய் நில்லுங்கள். தேன் குடித்தபின் பக்கத்து இலைக்காம்பில் உட்கார்ந்து அலகைத் துடைக்கும், இறகு கோதும். இறக்கை தாழ்வது அப்போதுதான்.

ரப்பர்தோட்டம்:
மூன்று நாள் காலையும் மாடியில் நின்றேன், அக்கா. முதல் இரண்டு நாளும் வந்தது, நிற்கவில்லை. இன்று ஏழு மணிக்கு இலைக்காம்பில் உட்கார்ந்து கோதியது. இறக்கை விலகியதும் வாலுக்கு மேலே சிவப்பு! கை நடுங்கியதில் இரண்டு படங்கள் கலங்கிவிட்டன, மூன்றாவது தெளிவு. இணைத்திருக்கிறேன்.

தேரூர்க்குளம்:
பார்த்தேன். சின்னத் தேன்சிட்டேதான், மறுப்பில்லை. மூன்று நாள் நின்றதற்கு என் வாழ்த்து. ஆனால் இது இன்றைய பறவை. ஒரே கூம்புக்கு இரண்டு இனமும் வரலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தது ஊதாப்பிட்டு என்றே இன்னும் நினைக்கிறேன்.

ரப்பர்தோட்டம்:
நான் அப்படி நினைக்கவில்லை, அண்ணா. ஆனாலும் அந்தப் படத்தை வைத்து என்னால் காட்ட முடியாது. அதனால் பழைய பதிவைத் 'தேன்சிட்டு, இனம் உறுதியில்லை' என்று மாற்றிவிட்டேன். மனம் வரவில்லை, இருந்தும் மாற்றினேன். இன்றையதைத் தனியாகப் பதிந்தாயிற்று.

கிராம்புமரம்:
கூம்பில் இன்னும் மடல் விரிகிறதென்றால் மாடியை விடாதீர்கள், தம்பி. ஆண் வந்தால் மார்பைப் பாருங்கள். சின்னத் தேன்சிட்டுக்குச் சிவப்புப் பட்டை அகலமாக இருக்கும். ஊதாப்பிட்டுக்கு ஒடுங்கிய கருஞ்சிவப்புக் கோடுதான்.