ஃபெல்ட்ஸ்பாரில் கணக்கு இடிக்கிறது: 3:8 என்று ஒரு வகை உண்டா?

திருவொற்றியூர் மாணவி:
ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் என்ன விகிதம் என்று பார்த்தாலே சிலிக்கேட்டின் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமத்தின்) வகையைச் சொல்லிவிடலாம் என்றுதான் படித்தோம். ஒலிவின் 1:4, தனி நான்முகி (ஒரு சிலிக்கானைச் சுற்றி நாலு மூலையில் நாலு ஆக்சிஜன்). பைராக்சீன் 1:3, ஒற்றைச் சங்கிலி. ஆம்பிபோல் 4:11, இரட்டைச் சங்கிலி. மைக்கா 2:5, தகடு. குவார்ட்ஸ் 1:2, சட்டகம். ஆனால் ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரில் ஒரு பொட்டாசியம், ஒரு அலுமினியம், மூன்று சிலிக்கான், எட்டு ஆக்சிஜன். 3:8 என்று எந்த வகையும் இல்லை; புத்தகமோ அதைக் குவார்ட்ஸோடு சேர்க்கிறது. பெரிலும் 1:3 தானே, அது மட்டும் ஏன் வளையம்? மனப்பாடம் செய்து எழுத மனசு வரவில்லை.

மணலிக்காரன்:
அலுமினியத்தையும் சிலிக்கானோடு கூட்டுங்க. 4:8, அதாவது 1:2. அவ்வளவுதான்.

திருவொற்றியூர் மாணவி:
நன்றி அண்ணா, ஆர்த்தோகிளேஸ் சரியாக வந்துவிட்டது. ஆனால் மஸ்கோவைட் என்ற மைக்காவில் மூன்று அலுமினியம், மூன்று சிலிக்கான். ஹைட்ராக்சில் போகப் பத்து ஆக்சிஜன். எல்லாவற்றையும் கூட்டினால் 6:10 வருகிறதே?

ராயபுரம் ஆய்வகக்காரர்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. கல்லைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்து நுண்ணோக்கிக்குக் கொடுப்பதுதான் பல வருடம் என் வேலை. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த அலுமினியத்தில்தான்.

அலுமினியம் இரண்டு விதமாக உட்காரும். நாலு ஆக்சிஜன் சூழ, சிலிக்கான் இருக்க வேண்டிய நான்முகியில் உட்காரலாம். ஆறு ஆக்சிஜன் சூழ, மக்னீசியமும் இரும்பும் இருக்கும் எண்முகி இடத்திலும் உட்காரலாம். அதன் அளவு இரண்டுக்கும் ஒத்துவருகிறது. வகைப்பாட்டுக்கு நாம் எண்ண வேண்டியது நான்முகிக்குள் இருப்பதை மட்டும். மஸ்கோவைட்டின் மூன்று அலுமினியத்தில் ஒன்றுதான் நான்முகியில். மற்ற இரண்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவே எண்முகியில். ஆக 4:10, உங்கள் 2:5.

பொட்டாசியம் ஏன் வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சிலிக்கானின் மின்னூட்டம் +4, அலுமினியத்துக்கு +3. நாலு நான்முகியில் ஒன்றில் அலுமினியம் வந்தால் ஒரு நேர்மின்னூட்டம் குறைகிறது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பொட்டாசியமோ சோடியமோ வருகிறது. நாலில் இரண்டு அலுமினியம் என்றால் கால்சியம் தேவை. அதுதான் அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பார்.

பெரிலுக்கு வருவோம். விகிதம் சொல்வது ஒரு நான்முகி எத்தனை மூலைகளைப் பக்கத்து நான்முகிகளோடு பகிர்கிறது என்பதை. இரண்டு மூலை என்றால் 1:3. அந்த வரிசை முடிவில்லாமல் நீண்டால் பைராக்சீன், ஆறு நான்முகியோடு மூடிக்கொண்டால் பெரில். வடிவத்தை விகிதம் சொல்லாது.

முடிந்தால் காசிமேட்டுப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் போய்ப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து நிலவியலாளர் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர். புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பினால் ஃபெல்ட்ஸ்பார் தட்டையாகப் பளிச்சிடும். குவார்ட்ஸ் எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும், தட்டை முகமே கிடைக்காது. கரும்பழுப்பாக நிற்பது பைராக்சீன். அதன் பிளவுகள் (கனிமம் இயல்பாக உடையும் தளங்கள்) கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும். ஆம்பிபோலாக இருந்தால் 56, 124 பாகை. சங்கிலி இரட்டையாகி அகலமானதால் வரும் வித்தியாசம் அது. லென்ஸை மறக்காதீர்கள். பாசி படிந்த கல்மேல் ஏறாதீர்கள், வழுக்கும்.

திருவொற்றியூர் மாணவி:
ரொம்ப நன்றி சார். ஒரே ஒரு சந்தேகம். சூத்திரம் மட்டும் கொடுத்தால், எந்த அலுமினியம் எங்கே என்று எப்படித் தெரியும்?

ராயபுரம் ஆய்வகக்காரர்:
நான்முகி இடங்களை முதலில் சிலிக்கானால் நிரப்புங்கள், குறைவதற்கு மட்டும் அலுமினியத்தை எடுங்கள். ஹார்ன்பிளெண்ட் என்ற ஆம்பிபோலில் 22 ஆக்சிஜனுக்கு எட்டு நான்முகி இடம். சிலிக்கான் ஏழுதான் இருக்கிறது என்றால் ஒரு அலுமினியம் உள்ளே வரும், மீதி எண்முகிக்குப் போகும். 8:22, அதாவது 4:11.